செல்போனில் தமிழ்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அக்டோபர் 2010

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கொஞ்ச நாளாகக் கவுன்டரில் ஒரே கேள்விதான். "நெட்ல தமிழ் வரமாட்டேங்குது, கட்டம் கட்டமா தெரியுது, செட்டு ரிப்பேரா?" ரிப்பேர் இல்லை. செட்டுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஃபேக்டரி வந்து நாலு வருஷம் ஆகியும் பல மாடல்களில் இதே கதை. "சாஃப்ட்வேர் ஏற்றித் தருகிறோம்" என்று யாராவது இதற்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

செல்லில் நெட் பார்க்க உதவும் ஓப்பரா மினி என்ற பிரவுசர் இருந்தால் போதும், அது இலவசம். அதைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு, ஆங்கிலத்தில் 'ஓப்பரா' என்று அடித்து முக்காற்புள்ளி (:) வைத்து, இடம் விடாமல் 'கான்ஃபிக்' என்று அடியுங்கள். பவர் யூசர் செட்டிங்ஸ் என்று ஒரு பக்கம் வரும். கீழே இறங்கினால் 'பிட்மேப் ஃபான்ட்ஸ்' என்று ஒரு வரி, அதில் 'நோ' என்று இருக்கும். அதை 'யெஸ்' ஆக்கி சேவ் கொடுங்கள். தமிழ் வந்துவிடும்.

ஓப்பரா மினியில் நீங்கள் கேட்கும் பக்கம் முதலில் ஓப்பரா கம்பெனியின் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே சுருங்கித்தான் செட்டுக்கு வருகிறது. 'யெஸ்' போட்டதும் தமிழ் எழுத்தையெல்லாம் அந்த சர்வரே படமாக்கி அனுப்பிவிடும். எழுத்துரு இல்லாத செட்டிலும் படம் தெரியுமே! ஆனால் படம் என்பதால் டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். இன்னொன்று, எல்லாம் அந்த சர்வர் வழியாகவே போவதால் பேங்க் பாஸ்வேர்டை அதில் அடிக்காதீர்கள்.

பேலன்ஸ் கரைவதற்கும் கடையைத் திட்டுகிறீர்கள். பேக் போடாத பிரீபெய்டு நம்பரில் 10 கேபிக்கு 10 பைசா என்றால் ஒரு எம்பிக்குப் பத்து ரூபாய். சட்டைப்பையில் பட்டன் அமுங்கி நெட் திறந்துகொண்டாலும் காசு போகும். கீபேடை லாக் செய்து வையுங்கள்.

செல்லிலிருந்தே வலைப்பதிவு போட ஆசைப்படுபவர்களுக்கு: பிளாகர் என்ற வலைப்பதிவுத் தளத்தின் செட்டிங்ஸில் ஈமெயில் பகுதிக்குப் போய் ஒரு ரகசியச் சொல் கொடுத்தால் தனி மெயில் முகவரி கிடைக்கும். அதற்கு மெயில் அனுப்பினால் சப்ஜெக்ட் தலைப்பாகும், உள்ளே எழுதியது பதிவாகும். அந்த முகவரி தெரிந்தால் யாரும் உங்கள் பெயரில் பதிவு போட்டுவிடலாம், ஜாக்கிரதை. நம்பர் பட்டன் செட்டில் நீளமாகத் தமிழ் அடிப்பது கை வலிக்கிற வேலை. எங்களைக் கேட்டால், செல்லிலிருந்து ஒரு போட்டோவும் இரண்டு வரியும் போதும். மற்றதை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் தீபாவளி எஸ்எம்எஸ். ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு மெசேஜில் 160 எழுத்து போகும். தமிழில் 70தான். அந்த 70ம் நம் கணக்கு இல்லை. 'தீபாவளி நல்வாழ்த்துகள்' என்பதில் நாம் 12 எழுத்து எண்ணுவோம். போனோ புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி, நடுவில் விட்ட இடத்தையும் சேர்த்து, 22 என்று சொல்லும். 70ஐத் தாண்டினால் இரண்டு மெசேஜுக்கான காசு. நீளமான வாழ்த்தை ஐம்பது பேருக்கு ஃபார்வர்டு செய்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போதாததற்குப் பண்டிகை நாள்களில் எஸ்எம்எஸ் பேக் செல்லாது, முழுக் கட்டணம்தான். எந்தெந்த நாள் என்று உங்கள் கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். முடிந்தால் அதற்கு முன்பே வாழ்த்திவிடுங்கள்.

மேலே சொன்ன செட்டிங் வராதவர்கள் செட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் இருக்கும், காலையில் வந்தால் நிதானமாகச் சொல்லித் தருவோம். நவம்பர் 5, தீபாவளியன்று மட்டும் கடை விடுமுறை.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்
செல்போன் விற்பனை மற்றும் சர்வீஸ்