காதுச் சோதனை செய்யாமல் இணை சேர்க்காதீர்கள்

ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள், குட்டி விற்பவர்கள், கண்காட்சி நடத்துபவர்கள், நடுவர்களாக வருகிறவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரு மறைகூட (நிறத் திட்டுகூட) இல்லாத பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பேப்பர் (வம்சச் சான்று) உண்டு, முன்பதிவு நடக்கிறது. கூடவே தாய், தகப்பன் படம். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. என் தோப்பில் கிடக்கும் கடுவனைப் பெற்ற அதே ஜோடி. என் நாய்க்கு இரண்டு காதும் கேட்காது. விற்றவருக்கு இது தெரியும். நேரில் போய்ச் சொல்லியிருக்கிறேன். “கொண்டாங்க, வேற குட்டி மாத்தித் தாரேன்” என்றார். திரும்பி வரும் நாய் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கொடுக்கவில்லை. அந்தத் தாய் நாய்க்கு இந்த வருடம் ஒரு கண்காட்சியில் கேடயம் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் அவர் ஒருவருக்கு மட்டுமில்லாமல் உங்கள் எல்லோருக்கும் வருகிறது.

கேட்பது ஒன்றுதான். காதுச் சோதனை செய்து சான்று வாங்காத நாயை இணை சேர்க்காதீர்கள்.

வெள்ளைக்கும் செவிட்டுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாதது அல்ல. இருந்தாலும் குட்டி வாங்க வருகிறவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். இந்த நாய்களின் வெள்ளை ஒரு நிறமே அல்ல, நிறம் வந்து சேராத இடம். கருவில் முதுகுத்தண்டை ஒட்டிப் புறப்படும் நிறமிச் செல்கள் உடம்பெல்லாம் பரவிப்போய்த் தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கின்றன. அதே செல்களுக்கு உள்காதிலும் வேலை இருக்கிறது. ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் உயிரோடிருக்க இவை அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் குட்டி பிறந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் அந்த மயிர்ச்செல்கள் செத்துவிடும். மறுபடி முளைக்காது. மருந்தும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக மறையை ஒழித்து, மூக்கின் கறுப்பையும் ஒழித்து, வெள்ளைக்கு மேல் வெள்ளையாகத் தேர்ந்தெடுத்தால், உள்காதில் இருக்க வேண்டிய செல்லையும் சேர்த்துத்தான் ஒழிக்கிறோம்.

இது நம் ஊர் நாய்க்கு மட்டும் வந்த கேடு இல்லை. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த வெள்ளை புல் டெரியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. அதே இனத்தில் நிறமுள்ளவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். டால்மேஷியனில், பிறகு வரும் புள்ளிகள் அல்லாமல், பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு வரும் குட்டிகளுக்குச் செவிடு குறைவு. ஆனால் அந்தத் திட்டு கண்காட்சியில் தகுதிநீக்கத்துக்குரிய குறை. நல்ல காதுள்ள குட்டியை வெளியே அனுப்பிவிட்டுச் செவிட்டுக்கு மாலை போடும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது என்று நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

செவிட்டு நாயோடு தோப்பில் இருப்பது எப்படி என்று சொல்கிறேன். என் தோப்பு மலையடிவாரத்தில். ராத்திரி காட்டுப்பன்றி வரும். பன்றி வேட்டைக்குப் பேர்போன இனம் என்றுதான் வாங்கினேன். பன்றிகள் வரப்பைக் கிளறும்போது எங்கள் வேட்டை நாய் கொட்டகையில் நிம்மதியாகத் தூங்கும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் வாடை பிடித்து எழுந்துகொள்ளும், இல்லையென்றால் விடிந்த பிறகு வந்து மோந்து பார்க்கும். அது போகட்டும், வேலி போட்டுக்கொள்ளலாம். பகலில்தான் பாடு. வெயிலுக்கு டிராக்டர் அடியில் போய்ப் படுத்துவிடும். வேறு நாயாக இருந்தால் சாவியைத் திருகியதும் எழுந்து ஓடிவிடும். இது எழாது. இன்ஜின் ஓட ஆரம்பித்துத் தரை அதிர்ந்தால்தான் தலையைத் தூக்கும், அதுவும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல். ஒருமுறை பின் சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது. அன்றிலிருந்து தோப்புக் காவல்காரப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் முழங்கால் மடக்கிக் குனிந்து அடியில் பார்த்த பிறகுதான் வண்டி எடுக்கிறோம். எழுபதைத் தாண்டியவர், மூட்டுவலிக்காரர். அவர் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், “அய்யா, இவ்வளவு வெள்ளை யாருக்கு வேணும்னாங்க?” என்று கேட்டார். பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

தூங்கும்போது யாரும் தொடக் கூடாது, திடுக்கிட்டுக் கடிக்க வரும். கூப்பிட வேண்டுமென்றால் பகலில் கையசைப்பு, இரவில் டார்ச் வெளிச்சம். பழக்கிவிட்டோம், நல்ல நாய், பிரியமான நாய். குறை அதன் பேரில் இல்லை.

“கைதட்டிப் பார்த்துத்தான் விற்கிறோம்” என்பீர்கள். கைதட்டினால் கேட்கும் குட்டிகள் ஓடும், கேட்காத குட்டி அவற்றைப் பார்த்து ஓடும். தனியாக விட்டுத் தட்டினாலும் கை அசைவதைக் கண்ணால் பிடித்துவிடும். ஒரு காது மட்டும் போன நாயை வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லா நாயையும்போல வளரும், கேடயம் வாங்கும், ஈத்துக்கு ஈத்து அந்தக் குறையைக் குட்டிகளுக்குக் கடத்தும். பச்சைக் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் பெரா சோதனை செய்கிறார்களே, காதில் ஒலி கொடுத்து மூளையில் எழும் மின்அலையைப் பதிவு செய்வது, அதேதான் நாய்க்கும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனதும் செய்யலாம், வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017 விதிகள் சொல்கின்றன. விற்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மறைக்குட்டிகள் விஷயத்தையும் மரியாதையாகவே எழுதப் பார்க்கிறேன். ஈத்தில் கறுப்போ செவலையோ திட்டு விழுந்த குட்டி பிறந்தால் அன்றைக்கே காணாமல் போகிறதே, அது எங்கே போகிறது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். “கலப்பு என்று சொல்லிவிடுவார்கள், பேர் கெட்டுவிடும்” என்கிறீர்கள். உள்ளே இருக்கும் நிறம் எட்டிப் பார்ப்பதுதான் மறை. அதை மட்டும் வைத்துக் கலப்பு என்று சொல்ல முடியாது. பக்கத்தில் சிப்பிப்பாறை இன நாய் வளர்ப்பவர்கள் மயிலை, செவலை, சாம்பல் என்று நிறத்துக்கு நிறம் பேர் வைத்து வளர்க்கவில்லையா? அவர்கள் நாய் மானம் கெட்டா போயிற்று? காது நன்றாகக் கேட்க வாய்ப்புள்ள குட்டியைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிவிட்டு மிச்சத்தை ‘தூய ரத்தம்’ என்று விற்கிறீர்கள். இந்தத் தூய்மையை எந்த ராஜா கேட்டார்?

2005-ல் நம் நாய் தபால்தலையில் வந்தது. பெருமைதான். தபால்காரர் வாசலில் சைக்கிள் மணி அடித்தால் அதற்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 2020-ல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொன்னதும் நகரத்துக்காரர்களுக்கு நம் நாட்டு நாய்கள் மேல் ஆசை வந்தது. ஓடுவதற்கென்றே பிறந்ததை வாங்கிப் போய் மூன்றாம் மாடி பால்கனியில் கட்டிப்போட்டு, சாயங்காலம் படம் பிடித்துப் போடுகிறார்கள். படத்துக்கு வெள்ளை எடுப்பாக இருக்கிறது. அங்கே காது கேட்காவிட்டால் ஒருவேளை வசதிதான், ஹாரன் சத்தம் தொந்தரவு செய்யாது. ஒரு பெட்டையை 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது என்று அதே 2017 விதிகளில் இருக்கிறது. நம் ஊர்க் கொட்டகைகளில் இதை எத்தனை பேர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. சண்டை வளர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆகவே தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கண்காட்சி நடத்துபவர்கள் அடுத்த முறை நுழைவுப் படிவத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள்: இரு காது சோதனைச் சான்று இணைக்கப்பட்டுள்ளதா? இல்லாத நாய்க்குப் பரிசு கிடையாது என்று அறிவியுங்கள். நடுவர்கள் மறை விழுந்த நாயை வளையத்துக்குள் விட்டு, நடையையும் நெஞ்சையும் பல்லையும் பார்த்து மதிப்பெண் போடுங்கள். வளர்ப்பவர்கள், ஒரு காது போனதென்று தெரிந்தாலும் அந்த நாயை வீட்டு நாயாக வைத்துக்கொள்ளுங்கள், இணை மட்டும் சேர்க்காதீர்கள். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேசி வருடத்துக்கு ஒரு முகாமுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முகாம் நடந்தால் பந்தல், வருகிறவர்களுக்குச் சாப்பாடு, நாய்களுக்குத் தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு.

அதுவரை யார் வீட்டிலாவது ஈத்தில் மறைக்குட்டி விழுந்தால் தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வெள்ளைக்குட்டி என்ன விலையோ, அதே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலையடிவாரத் தோப்புக்காரன் ஒருவன்