வாகைகுளத்துக்கு வடசேரியிலிருந்து பேருந்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தின் ஓடுதளம் நெடுங்காலம் 1,350 மீட்டர்தான், சிறிய ஏ.டி.ஆர். விமானங்களுக்கே அது போதுமானது. வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். மேலெழும்ப அதிக வேகமும் நீண்ட ஓட்டமும் தேவைப்படும். ஓடுதளம் நீளாதே, எடையைத்தான் குறைக்க வேண்டும். முதலில் அடிபடுவது சரக்கு.

இப்போது ஓடுதளம் 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. ஏ321 ரகப் பெரிய ஜெட் விமானமே இறங்கலாம். விமான நிலையம் இல்லாத குமரி மாவட்டம் இனி திருவனந்தபுரத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தோவாளைப் பூவும் குளச்சல் மீனும் தாமதம் தாங்காத சரக்கு; அவற்றுக்குக் குளிர்பதன வண்டி அவசியம். பயணிகளுக்கு, விமானம் புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே சேரும்படி நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து விட வேண்டும்.

- ஒரு வாசகர், நாகர்கோவில்