அணைத்தாலும் அணையாத கணினி

அன்புள்ள மகளுக்கு,

உன் கணினி நாளுக்கு நாள் மந்தமாகிறது என்றும், இரவுதோறும் அணைத்து வைத்தும் பயனில்லை என்றும் எழுதியிருந்தாய். புதிதாக ஒன்று வாங்க அவசரப்படாதே. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, பெரும்பாலான கணினிகளில் 'ஷட் டவுன்' கொடுப்பதால் மட்டும் எல்லாம் முழுமையாக அணைந்துவிடுவதில்லை. நீ திறந்திருந்த செயலிகளை மூடிவிட்டு, இயங்குதளத்தின் உட்கருவை, அதாவது எல்லாவற்றையும் இயக்கும் மையப் பகுதியை மட்டும் வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து ஓட்டுகிறது. சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் உள்ளே ஏதேனும் சிக்கிக் கிடந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். நம்பிக்கை இல்லையென்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திற. 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சிபியுவின் கீழே 'அப் டைம்' என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். நேற்றிரவு அணைத்த கணினி பல நாட்களாக ஓய்வின்றி ஓடுவதாக அது காட்டினால் வியப்படையாதே.

அங்கேயே 'ஸ்டார்ட்அப்' பகுதியையும் பார். கணினி திறந்தவுடன் உன்னைக் கேளாமலே எழுந்து உட்காரும் செயலிகளின் பட்டியல் அது. தொடக்கத்தை அதிகம் தாமதப்படுத்துபவை என்ற பொருளில் 'ஹை' என்று குறித்திருப்பவற்றில் உனக்கு உடனே தேவைப்படாதவற்றை 'டிஸேபிள்' செய்துவிடு. செயலி அழிந்துவிடாது, நீ திறக்கும்போது மட்டும் இயங்கும். வைரஸ் தடுப்பு, ஒலி, டச்பேட் தொடர்பானவற்றைத் தொடாதே.

வேகம் ஒருபுறம் இருக்க, பாதுகாப்புக்காகவும் சில சொல்கிறேன். கோப்பின் வகையைக் காட்டும், பெயரில் புள்ளிக்குப் பின் வரும் வால் பகுதியை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடுகிறது என்பதால், பிடிஎஃப் போலப் பெயர் வைத்துக்கொண்டு மின்னஞ்சலில் வரும் 'இஎக்ஸ்இ' கோப்பு (திறந்தவுடன் இயங்கும் நிரல்) உன் கண்ணுக்கு வெறும் பிடிஎஃப் ஆகவே தெரியும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ', அதற்குள் 'ஷோ' சென்று 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடு. பென் டிரைவிலிருந்து அழிப்பவை பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை என்பதையும் நினைவில் வை.

விண்டோஸ் விசையுடன் 'வி' அழுத்தினால் கடைசியாக நகலெடுத்த 25 துணுக்குகள் வரை கிடைக்கும். முதல் முறை அதை இயக்கிக்கொள்ள வேண்டும். மிகவும் வசதியானதுதான், ஆனால் நகலெடுத்த கடவுச்சொல்லும் அங்கேயே கிடக்கக்கூடும்.

இன்னும் விண்டோஸ் 10-லேயே இருக்கிறாயா? அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. மேம்படுத்தும் முன் முக்கியக் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி வைத்துவிடு. மேகச் சேமிப்பில் இருக்கிறதே என்று சொல்லாதே. ஒத்திசைவில் உள்ள கோப்பை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

இவ்வளவும் செய்த பின்பும் மந்தமாகவே இருந்தால், டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' எப்போதும் 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறதா, அதன் வகை எச்டிடி (சுழலும் தட்டுள்ள பழைய வகை வட்டு) என்றிருக்கிறதா என்று பார்த்து எழுது. அப்படியானால் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றை மாற்றிப் போட்டாலே போதும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா