சூட்டுக்களமும் உமது கவிதைகளும்

முள்ளியவளை,
பங்குனி மாதம்.

அன்பின் நண்பருக்கு,

பழைய வயல் வாழ்வுக்காக ஏங்கும் உமது கவிதைகள் கிடைத்தன. காலபோக நெல் வெட்டு முடிந்து, நெல்லை வீதியோரத்தில் காயவிட்டுக் காவலிருந்த வேளையில் அவற்றை வாசித்தேன். சந்தம் நன்றாக வந்திருக்கிறது. ஆயினும் ஒரு குறை சொல்லாமல் விடமுடியவில்லை.

நிலவில் மாடுகளை நடத்திக் கதிரிலிருந்து நெல்லைப் பிரித்த, சூடு மிதித்த இரவை நீர் எழுதியிருக்கிறீர். அந்த இரவுகளில் நாம் தூங்கி விழுந்துகொண்டே மாடுகளின் பின்னால் சுற்றிவந்ததும், நெல்லின் சுணை உடம்பெல்லாம் அரித்ததும், மாடு சாணம் போடப்போகிறதென்று தெரிந்தவுடன் அது நெல்லில் விழாதபடி ஒரு பிடி வைக்கோலோடு ஓடி ஏந்தியதும் ஒரு வரியிலேனும் இல்லை. குலைப்பன் காய்ச்சலும் இல்லை. மலேரியா ஒழிந்த நாடென்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தபோது, அந்தக் காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் ஊர்க் கிழவிகளைத்தான் நான் நினைத்தேன். அது போனதற்காகவும் நாம் ஏங்க வேண்டுமா?

நம் நாட்டுப் பாடல்களான பண்டிப்பள்ளையும் குருவிப்பள்ளையும் நினைத்துப் பாரும். அவற்றில் பன்றியும் குருவியும் காட்டின் அழகைச் சொல்ல வரவில்லை, நெல்லைத் தின்ன வருகின்றன. இரவெல்லாம் காவற்கொட்டிலில் கண்விழித்தவர்களின் பாட்டு அது. ஊரை விட்டுப் போனவரின் பாட்டு வேறாக இருப்பது இயல்புதான், அதற்காக உம்மைக் குறைசொல்லவில்லை.

இன்று வெட்டுமெசின் இறங்கினால் மத்தியானத்துக்குள் வயல் வெறும் தாளாகிவிடுகிறது. களம் இல்லாதபடியால் அங்கே பாடிய பொலிப்பாட்டுக்கும் இடமில்லை. அதைவிட எனக்கு உறைப்பது வேறொன்று: பட்டடை கட்டி நெல்லைச் சேமித்து, விலை ஏறும்வரை பொறுத்திருந்த கமக்காரன், இப்போது உரக்கடனுக்கும் மெசின் கூலிக்கும் பயந்து, வயலுக்கே வருகிற லொறிக்காரன் சொன்ன விலைக்கு ஈர நெல்லைக் கொடுத்துவிடுகிறான். காய வைக்க இடமுள்ளவர்கள்கூட வீதியைத்தான் நம்பியிருக்கிறார்கள். இதை ஏன் ஒருவரும் கவிதையில் தொடுவதில்லை?

கூத்துப் பழக்கும் நம் அண்ணாவியாரின் பாட்டுக் கொப்பி 2009 இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோயிற்று. ஆனால் மனிதருக்குப் பாதிக்கு மேல் மனப்பாடமாக இருக்கிறது; வெற்றிலையும் நல்ல தேநீரும் கொடுத்தால் அரிவு வெட்டுப் பாட்டான அரிவிச்சிந்தை இடைநிறுத்தாமல் பாடுகிறார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னீரல்லவா? ஒரு கிழமை முந்தி வாரும். இருவரும் அவரிடம் போய் இருந்து எழுதி எடுப்போம். எனக்குக் கண் முன்போல இல்லை, எழுத்து வேலை உம்முடையது.

அன்புடன்,
உமது பழைய நண்பன்