ஒன்பது தமிழ்ப் பெண்கள் படித்த கடைவீடு: உயர்நிலை 2 பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தாய்மொழி இருவாரத்துக்காக உங்கள் பிள்ளைகள் சிங்கப்பூரின் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளைப் பற்றி ஒப்படைப்பு செய்கிறார்கள். முதல் வரைவுகளைப் படித்தோம். உழைப்பு தெரிகிறது, ஆண்டுகள்தான் தாறுமாறு.

குழப்பத்துக்குக் காரணம், பள்ளிகள் பெயர் மாறியதும் இடம் மாறியதும். 1842இல் மரியா டயர் தொடங்கிய சீனப் பெண்கள் பள்ளிதான் இன்றைய செயிண்ட் மார்கரெட்ஸ். அந்தப் பெயர் வந்ததோ 1949இல். இன்றைய ராஃபிள்ஸ் கல்விநிலையத்தில் பெண்களுக்கு வகுப்பு 1844இல் தொடங்கியது. தனிப் பள்ளியானது 1879இல். இரண்டு ஆண்டும் சரிதான், ஆனால் எது எதைக் குறிக்கிறது என்று எழுதியாக வேண்டும்.

விடுதி எதற்கு என்ற கேள்வியைப் பலர் தொடவே இல்லை. அன்று பெண் வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். பகல் பள்ளி எவ்வளவு நன்றாக நடந்தாலும் வகுப்பு பாதியில் காலியாகும். ஆதரவற்ற சிறுமிகளுக்கோ திரும்பிப் போக வீடே இல்லை. விக்டோரியா ஸ்திரீட் கான்வென்டில், 1854 பிப்ரவரியில் வந்திறங்கிய கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் சில நாள்களிலேயே இரண்டு வகுப்புகள் நடத்தினார்கள்: ஒன்று கட்டணம் கட்டுவோருக்கு, மற்றொன்று அநாதைப் பிள்ளைகளுக்கு. ஆகவே ‘விடுதி மாணவி’, ‘அநாதை இல்லப் பிள்ளை’ இரண்டையும் ஒன்றாக்கி எழுத வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு. இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1887 ஆகஸ்ட்டில் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில், ஒன்பது தமிழ்ப் பெண்களோடு, ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’ என்ற பெயரில் தொடங்கியது. தொடங்கியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர். பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க ‘நைண்ட் ஹோம்’ விடுதியை அமைத்தவரும் அவரே. தமிழ் ஒப்படைப்பில் இது ஒரு வரியாக வந்தால் போதாது. ஒரு பக்கமாவது வேண்டும்.

தேடும் முறை பற்றி: தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்களை இலவசமாகப் பார்க்கலாம். இன்றைய பள்ளிப் பெயரைத் தட்டினால் 19ஆம் நூற்றாண்டுச் செய்தி சிக்காது. அன்றைய பெயர், தெருப் பெயர், நடத்தியவர் பெயர் என்று மூன்றையும் தனித்தனியே தேடச் சொல்லுங்கள். அக்கால ஆங்கில ஏடுகள் நம்மவரை ‘கிளிங்’ என்றும் எழுதின. இன்று அது இழிசொல். பிள்ளை அதைப் பார்த்துத் திகைப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படிப்பதும் உண்டு. ஒரே பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை நேரில் பார்க்கப் போகிறோம். இப்போது சைம்ஸ் எனப்படும் அதே விக்டோரியா ஸ்திரீட் கான்வென்டில் தொடங்குகிறோம். அன்று கைவிடப்பட்ட சிசுக்களைக் கன்னியாஸ்திரீகளிடம் விட்டுச்சென்ற சிறு வாயிலை முதலில் காட்டுவோம். 1904இல் எழுந்த தேவாலயம் அப்புறம். அங்கிருந்து ஷார்ட் ஸ்திரீட், பிறகு மவுண்ட் சோஃபியா மேடு. மேட்டில் 1925 முதல் மெதடிஸ்ட் பள்ளி இருந்தது. இப்போது அங்கே கூட்டுரிமை வீடுகள். உள்ளே போக முடியாது, சாலையிலிருந்துதான் பார்ப்போம். ஏற்றம் பெரிதில்லை, வெயில்தான் வாட்டும். ஒரு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடட்டும்.

வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ விடுதியில் தங்கிப் படித்திருந்தால், “பள்ளி எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்பதோடு முடிந்துவிடும். காலையில் எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், வீட்டுக்கு எப்போது அனுப்பினார்கள், துணி யார் துவைத்தது, இரவில் எந்த மொழியில் பேசினீர்கள் என்று பிள்ளை கேட்கட்டும். பழைய படங்களின் பின்புறம் பேனாவால் எழுதக் கூடாது, மை முன்பக்கம் ஊறிவிடும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல், அப்படியே கைப்பேசியில் படமெடுத்து அனுப்புங்கள்.

ஒப்புதல் படிவத்தை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்