பெயர் வெட்டிய பாத்திரங்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் ஊர்ப் பெரியோர்களுக்கும், தெருவுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் உதவி செய்துவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

இந்தப் பொங்கலோடு அப்பாவுக்குக் கடைசிக் கீமோ முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. வயிற்றில் புற்று. வயிறு முழுவதையும் எடுத்தாயிற்று. நேற்றுக் காலை அறுவடை மெஷினுக்குப் பின்னாலேயே போன மனுஷனைக் காணோம் என்று அம்மா அரை மணி நேரம் வரப்பில் நின்று திட்டித் தீர்த்தாள். தேடித் திட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டோம், அதனால்தான் எழுதத் துணிந்தேன். முன்பே எழுதியிருந்தால் கண் பட்டுவிடும் என்று அவள் விட்டிருக்க மாட்டாள்.

எங்களுக்குப் பாபநாசம் பக்கம். நான் வாழ்க்கைப்பட்டது கும்பகோணத்தில். தம்பி சிங்கப்பூரில். 2024 தை மாதத்திலிருந்தே அப்பாவுக்கு நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. நெஞ்சைக் கரிக்கிறது, உப்புசமாக இருக்கிறது என்பார். டவுனில் ஒரு கிளினிக்கில் அல்சர் என்று சொல்லி ஐந்து மாதம் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே மாத்திரை, பட்டையின் நிறம்தான் வேறு. 68 கிலோ இருந்தவர் 54 ஆனார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட்டைக் கட்டி, அந்த பெல்ட்டுக்கும் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டார். அந்த ஓட்டையைப் பார்த்தும் எங்கள் யாருக்கும் புத்தி வரவில்லை. யாரை நோவது.

முதல் நன்றி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்கு. தலைசுற்றல் என்றுதான் போனோம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வெளிக்கு எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டார். தார் மாதிரி கறுப்பாக என்று அப்பா கூச்சத்தோடு சொன்னார். ரத்தம் 7 கிராம்தான் இருந்தது. "எண்டோஸ்கோபி எடுத்தீங்களாப்பா?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அன்றைக்கே தஞ்சாவூர் மெடிக்கலுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, அங்கே எந்த அறைக்குப் போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று அதன் பின்பக்கத்தில் படமே போட்டுக் காட்டினார். அங்கே எண்டோஸ்கோபியில் எடுத்த சதைத் துணுக்கின் சோதனை முடிவு ஜூன் முதல் வாரம் வந்தது. அந்த வருஷம் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. ஊரே ஆற்றில் தண்ணீர் வருமா என்று பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் மட்டும் வேறு கவலை ஓடியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உதவி இல்லாமல் நாங்கள் தவிக்கவில்லை. உதவி எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் தவித்தோம். ஒருவருக்குக் காப்பீடு தெரியும், ரயில் சலுகை தெரியாது. இன்னொருவருக்கு ரயில் தெரியும், சாப்பாடு தெரியாது. முழுசாகத் தெரிந்தவர் என்று யாருமே இல்லை. ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தீர்கள், நாங்கள் ஒட்டுப் போட்டுக்கொண்டோம்.

பெரிய துண்டு காப்பீடு. முதலில் போன தனியார் மருத்துவமனையில், இந்த நோய்க்கெல்லாம் அரசுக் காப்பீடு செல்லாது, மூன்று லட்சம் முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். அப்பா அன்று ராத்திரியே தாளடி நிலத்தை விற்கத் தரகருக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் இ-சேவை மையத்தில் வேறு வேலையாக நின்றபோது, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தங்கச்சி என் முகத்தைப் பார்த்து என்னக்கா என்று கேட்டது. சொன்னேன். "முதலமைச்சர் காப்பீட்டில் வருமே அக்கா, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும்" என்றது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்கு நோயாளியோடு போக வேண்டும், சந்தேகம் என்றால் 1800 425 3993-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தது. தரகருக்கு அம்மாதான் திரும்பப் போன் போட்டாள். வி.ஏ.ஓ. சார் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், அவருக்கும் நன்றி. எல்லாச் செலவும் காப்பீட்டில் அடங்கியது என்று சொல்ல மாட்டேன். சில ஸ்கேன், சில மருந்து, சென்னையில் தங்கல், ஆட்டோ இவையெல்லாம் தம்பி அனுப்பிய பணம். ஆனால் தாளடி நிலம் தப்பியது. இப்போது அறுப்பு நடப்பது அதில்தான்.

சிகிச்சை சென்னையில், அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில். அந்த ஆஸ்பத்திரியை 1954-ல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டைக்காரர், உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்று அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். "நம்ம பக்கத்துப் பொண்ணு கட்டினது, பயப்படாம இரு" என்று அவர் அப்பாவிடம் சொன்னது எந்த மாத்திரையும் செய்யாத வேலையைச் செய்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் நாலு, பின்னால் நாலு, ஆக எட்டுக் கீமோ. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு மருந்து 24 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை எழும்பூர். முதல் இரண்டு தடவை முழு டிக்கெட் எடுத்தோம். மூன்றாம் தடவை கும்பகோணம் ஸ்டேஷன் கவுண்டரில் இருந்தவர் அப்பாவின் மொட்டைத் தலையையும் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில் ரயில்வே பாரம் வாங்கலையா?" என்றார். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. டாக்டர் கையெழுத்துப் போட்ட பாரத்தைக் கவுண்டரில் காட்ட வேண்டும். பணம் கிடக்கட்டும். கீமோ முடிந்து பொதுப்பெட்டியில் பை மேல் உட்கார்ந்து வர வேண்டியிருந்தவர் கீழ்ப் படுக்கையில் படுத்து வந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தும் எங்களுக்குப் பத்து நிமிஷம் விளக்கிச் சொன்ன அந்தக் கவுண்டர்காரர் இதைப் படிப்பாரா, தெரியாது.

புரட்டாசியில் ஆபரேஷன். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றதும், ஸ்ரீபெரும்புதூரிலும் அம்பத்தூரிலும் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன்கள் ஆறு பேர் நைட் ஷிப்ட் முடித்த கையோடு வந்து நின்றார்கள். இரண்டு பேரைத் தூங்காமல் வந்தீர்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போய்த் தூங்கி எழுந்து மறுநாள் வந்து கொடுத்தார்கள். தம்பிகளா, உங்கள் அண்ணன் சிங்கப்பூரில் இருந்துகொண்டு அன்றைக்கு அழுதது உங்களுக்குத் தெரியாது.

அதே வாரம் இங்கே எங்கள் வயலில் சம்பா நடவு. அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து கேட்ட முதல் கேள்வி நாற்று என்னாச்சு என்பதுதான். எதிர்வீட்டுச் சித்தப்பா தன் நாற்றங்காலில் இருந்தே சி.ஆர். 1009 நெல் நாற்றைப் பறித்து, ஆள் பிடித்து நட்டுவிட்டு, வயலை வீடியோ எடுத்து அனுப்பினார். வீடியோவில் வயலைவிட அவர் கட்டைவிரல்தான் அதிகம் தெரிந்தது. நடவுக் கூலி எவ்வளவு என்று இதுவரை சொல்லவில்லை. சித்தப்பா, இனியாவது சொல்லுங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் நிஜமான திண்டாட்டம். வயிறு இல்லாத ஆளுக்கு என்ன சமைப்பது? உணவியல் அம்மா அச்சடித்த தாள் ஒன்று கொடுத்திருந்தார்: கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை, நன்றாக மென்று, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், இனிப்பைக் குறைத்து. படித்தோம். ஆனால் முதல் பொங்கல் அன்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நெய் வழிய ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள், அவரும் ஆசையாகச் சாப்பிட்டார். கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வெளுத்துப்போய்த் திண்ணையில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று 108-க்குப் போன் செய்யப் போனேன். அதற்குள் வாசலில் ஒரு டி.வி.எஸ். 50 வந்து நின்றது.

வந்தவர் மன்னார்குடிப் பக்கத்து ஓய்வுபெற்ற கண்டக்டர். ஆஸ்பத்திரி வரிசையில் அறிமுகமானவர், பொங்கலுக்குப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். அவருக்கும் வயிறு கிடையாது, எடுத்து ஆறு வருஷம். அப்பாவைப் பார்த்ததும் கேட்ட ஒரே கேள்வி: "இனிப்பு தின்னியா?" மல்லாக்கப் படுக்க வைத்தார். வயிறு என்ற பை இருந்தால் சாப்பாட்டைப் பிடித்து வைத்து மெல்ல இறக்கும், பை இல்லாததால் சர்க்கரை மொத்தமாகக் குடலில் போய் விழுகிறது, அதனால் வருகிற படபடப்பு இது, படுத்திருந்தால் தணியும் என்று சொல்லிக்கொண்டே கைநாடியைப் பிடித்திருந்தார். அரை மணியில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டபோது நர்ஸும் அதையேதான் சொன்னார்.

பிறகு தன் ஜோல்னாப் பையைத் திறந்து காட்டினார். கைக்கு அடக்கமான எவர்சில்வர் டப்பா நாலு. ஒன்றில் அரை இட்லி, ஒன்றில் அவித்த முட்டை, ஒன்றில் சுண்டல், ஒன்றில் தயிர்சாதம் இரண்டு உருண்டை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டப்பா. "டிக்கெட் கிழிக்கிற மாதிரி, ஸ்டாப்பிங்குக்கு ஒண்ணு" என்றார். அவர் பேசியதெல்லாம் எந்த டாக்டரும் நேரம் ஒதுக்கிச் சொல்லாத சங்கதிகள். ராத்திரி தலையணையை உயர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பித்தம் தொண்டைக்கு வரும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடை பழையபடி ஏறாது, அதற்காகத் தினம் மெஷினில் ஏறி அழக் கூடாது. பி12 ஊசியை ஒரு மாதம்கூடத் தவறவிடக் கூடாது. வயிற்றில் சுரக்கிற ஒரு பொருள் இருந்தால்தான் அந்தச் சத்தைச் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒழுங்காக எடுத்துக்கொள்ளுமாம், அதனால் ஆயுசுக்கும் ஊசிதான். மாசாமாசம் அப்பா வரவில்லை என்றால் வீட்டுக்கே ஆள் அனுப்பும் சுகாதார நிலையத்து நர்ஸுக்கும் சேர்த்து இந்த இடத்தில் கும்பிடு.

வயிறு இல்லாமல் ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மட்டும் வேண்டாம் என்றதுதான் அப்பாவை எழுப்பியது. நாங்கள் சொன்ன ஆறுதல் அத்தனையும் அதற்குக் கீழேதான்.

உபகாரம் என்று நினைத்துச் சிலர் செய்ததையும் மறைக்க வேண்டாம். ஒரு உறவுக்காரர் நித்யகல்யாணி இலையைச் சாறு பிழிந்து பாட்டிலில் கொண்டுவந்தார். அதிலிருந்து புற்றுநோய் மருந்து எடுப்பது உண்மைதான், ஆனால் அது ரத்தப் புற்று மாதிரி வேறு வகைகளுக்கு, அளந்து கொடுப்பது, பச்சையாகக் குடித்தால் விஷம் என்று நர்ஸ் சொன்னார். செடி சுடுகாட்டு ஓரத்திலேயே இருக்கட்டும். இன்னொரு அத்தை அப்பாவுக்குத் தனி டம்ளர் வைத்தார். புற்று தொத்தாது அத்தை. வயிற்றுப் புற்றுக்கு ஒரு காரணமான பைலோரி கிருமிதான் ஆளுக்கு ஆள் பரவக்கூடியது. அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதும் இல்லை. எனக்கும் தம்பிக்கும் சோதனை செய்தார்கள். எனக்கு இருந்தது, இரண்டு வாரம் மாத்திரை போட்டு ஒழித்தாயிற்று. ஆக, டம்ளர் விஷயத்தில் அத்தைக்குக் கால் பங்கு நியாயம் உண்டு.

ஆடுதுறை அக்காவுக்கு இதைப் படிக்க முடியாது. அடுத்த கட்டிலில் இருந்தவர். எங்களுக்குத் தண்ணீர் எங்கே பிடிப்பது, எந்த மெஸ்ஸில் காரமில்லாமல் கிடைக்கும், எந்தக் கவுண்டரில் எப்போது கூட்டம் குறையும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. போன சித்திரையில் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு மாதமும், 2021-ல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருந்து வீட்டுக்கே வந்து புண்ணைச் சுத்தம் செய்தார்கள், ஆதரவுச் சிகிச்சை டாக்டர் எழுதிய மார்பின் மாத்திரையால் வலி இல்லாமல் இருந்தார் என்று அவர் மகள் சொன்னாள். மார்பின் என்றால் கடைசி என்று நாங்களும் பயந்திருந்தோம். வலி தணிந்த நாட்களில் அக்கா பேரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாராம்.

அப்பாவிடம் இப்போது நாலு டப்பா இருக்கிறது. போன வாரம் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் நம்பர் தேடிப் போன் செய்தது. இந்த வியாழக்கிழமை போகிறார். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று அம்மா கண்டிஷன்.

கடைசியாக ஒரு சங்கதி. கீமோ நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போன கஞ்சியும் ரசமும்தான் எங்களை ஓட்டியது. கொண்டுவந்த பாத்திரங்களில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மீதி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது: 'செ.மா.' என்று வெட்டிய தூக்கு ஒன்று, 'கா. லெட்சுமி' என்று வெட்டிய டபரா ஒன்று, எழுத்துத் தேய்ந்துபோன சம்புடம் இரண்டு, மூடி மட்டும் மூன்று. யாருடையதோ வந்து வாங்கிக்கொள்ளவும். வெறும் பாத்திரமாகக் கொடுக்க அம்மா சம்மதிக்க மாட்டாள், புது அரிசி போட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மூத்த மகள்