சிறைவாசலில் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் சட்டம் விளங்க வேண்டும்

தமிழ்நாட்டின் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

காவலில் உள்ள எவருக்கும், அவருடைய வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வழங்கியிருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவருக்காக வழக்கறிஞரைத் தேடுவதும், வாய்தா தேதியை விசாரித்து அறிவதும், பிணைதாரர்களைக் கெஞ்சிக் கூட்டிவருவதும் வெளியே இருக்கும் தாயோ மனைவியோதான். அவர்களுக்கு வழக்கின் நிலையை விளக்கிச் சொல்லும் பொறுப்பு எவரிடமும் இல்லை. கைது செய்யப்பட்டதை உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், டி.கே. பாசு வழக்கில் ஆணையிட்டது. அந்தத் தகவலைச் சொன்னதோடு குடும்பத்துக்கான கடமை முடிந்துவிட்டதாகவே நம் அமைப்புகள் நடந்துகொள்கின்றன. இந்தக் குறையை நீக்குமாறு கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரைச் சந்திக்க, வந்து காத்திருக்கும் பெண்களின் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பையைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். மாற்றுத் துணிக்கு அடியில், பாதி அழிந்துபோன வழக்கு எண் எழுதிய நோட்டுத்தாள், வழக்கறிஞரின் முகவரி அட்டை, அவர்களால் படிக்க முடியாத ஆங்கில நகல் ஒன்று ஆகியவை இருக்கும். எந்தப் பிரிவுகளில் வழக்கு, எந்த நீதிமன்றம், அடுத்த தேதி எது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. தெரியாததால், பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் இடைத்தரகரை நம்புகிறார்கள்.

இந்த அறியாமையால் அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 'இன்னும் குற்றப்பத்திரிகை போடவில்லை' என்று குமாஸ்தா சொல்வதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டு அழுதபடி வீடு திரும்பும் தாய்க்கு, அதுவே மகனை வெளியே கொண்டுவரும் வழியாகவும் இருக்கலாம் என்பது தெரியாது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆவது பிரிவின்படி, மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் 90 நாட்களுக்குள்ளும், பிற குற்றங்களில் 60 நாட்களுக்குள்ளும் புலனாய்வு முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடுகிறது. சில சிறப்புச் சட்டங்களில் மட்டும் இக்கெடு வேறுபடும். ஆனால் ஜாமீன் மனு தாக்கல் செய்வதற்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஒரே நாள் தாமதத்தில் கைநழுவிப் போகும் உரிமையைக் காப்பாற்ற, நாட்களை எண்ணிக்கொண்டிருப்பதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதையாவது அவருக்கு யாரேனும் சொல்லியாக வேண்டும்.

ஜாமீன் கிடைத்த பிறகும் பலர் உள்ளேயே இருக்கிறார்கள். இரண்டு பிணைதாரர்கள் வேண்டும், அவர்களில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கூலிவேலை செய்யும் குடும்பத்தால் எப்படி நிறைவேற்ற முடியும்? ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாட்களுக்குள் கைதி வெளிவராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் பிணை செலுத்தப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏழை விசாரணைக் கைதியின் ஜாமீனுக்குப் பண உதவி செய்யும் ஒன்றிய அரசின் திட்டமும் அதே ஆண்டு வந்தது. இவற்றை அறியாத குடும்பம் தாலியை அடகு வைக்கிறது.

அதே சன்ஹிதாவின் 479ஆவது பிரிவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இயலாத வழக்கில், முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்திருந்தால் நீதிமன்றம் அவரைப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும். வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. விண்ணப்பிக்கும் கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. அதை நினைவூட்டிக் கடிதம் எழுதக் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தாலே போதும். குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டவர் விஷயத்தில் குடும்பத்தின் பங்கு இன்னும் பெரியது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைப் பெரும்பாலும் தாயோ மனைவியோதான் தாக்கல் செய்கிறார். தடுப்புக் காவல் ஆணையின் நகலும் இணைப்பு ஆவணங்களும் கைதிக்குப் புரியும் மொழியில் தரப்பட்டனவா, அனுப்பிய முறையீடு காலதாமதமின்றிப் பரிசீலிக்கப்பட்டதா என்னும் கேள்விகளில்தான் இத்தகைய ஆணைகள் பல ரத்தாகியிருக்கின்றன. ஆகவே அந்தக் காகிதங்களையும் தேதிகளையும் பத்திரப்படுத்த வேண்டும் என்று முதல் வாரத்திலேயே அவர்களிடம் சொல்ல வேண்டும்.

காவலில் அடிபட்ட காயத்தை முதலில் பார்ப்பவரும் பெரும்பாலும் மனு பார்க்க வந்தவர்தான். அதை நீதித்துறை நடுவரிடம் எவ்வாறு முறையிடுவது, மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் அனுப்ப வேண்டும் என்பது போன்றவற்றை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

மனு பார்க்கும் நாட்களில், ஒவ்வொரு மத்திய சிறையின் காத்திருப்புக் கூடத்திலும் தங்கள் சட்டத் தன்னார்வலர் ஒருவர் மேசை போட்டு அமர வேண்டும். வழக்கு எண், பிரிவுகள், நீதிமன்றம், ரிமாண்ட் செய்யப்பட்ட (நடுவர் காவலில் வைக்க உத்தரவிட்ட) நாள், 60 அல்லது 90 நாள் முடியும் தேதி ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதிக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். சட்ட உதவி வழக்கறிஞரை நியமிக்கும்போது, கைதி சம்மதித்தால், அந்த வழக்கறிஞரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குடும்பத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். அந்த வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கு வராமல் போனால் யாரிடம் முறையிடலாம் என்பதும், 15100 என்ற உதவி எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.

தன்னார்வலர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. முதலில் ஒரு சிறையில் தொடங்கி, எந்த நாளிலிருந்து அந்த மேசை இருக்கும் என்பதைச் சிறைவாசல் பலகையில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறைவாசிகளின் குடும்பங்களோடு நிற்கும் ஒருவர்